சின்னப் பெட்டிக்குள் எத்தனை வாட் கொள்ளும்?

மட்டக்களப்பு கல்லடியில் மாமி நடத்தும் கொமினிகேசன் கடையில், மொனிட்டருக்குப் பின்னால் ஒரு குட்டிக் கொம்பியூட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பாடப்புத்தகங்களை அடுக்கி வைத்த பருமன்தான். பாவித்த சாமானாக வந்தது. உள்ளே இருக்கும் புரொசெசர் இன்டெல்லின் ஐ3 6100டி. போட்டோக் கொப்பி, விண்ணப்பப் படிவம், பிள்ளைகளின் அசைன்மென்ட் எல்லாம் அதில்தான்.

"மனே, இது இப்ப சரியான ஸ்லோ. ஒரு பொடியன் ஐ7 ஒண்டு மலிவாத் தாறன் எண்டான். போட்டுப் பாப்பமா?"

பொடியனிடம் இருந்தது ஐ7 6700. வேண்டாம் என்றேன். ஐ7 என்ற பெயரில் பிழையில்லை; 6700க்குப் பின்னால் ஓர் எழுத்து இல்லாததுதான் பிரச்சினை.

இன்டெல்லின் டெஸ்க்டொப் சிப்களில் 'டி' என்று முடிபவை இப்படியான பெட்டிகளுக்கானவை. நீடித்த வேலையில் சிப் வெளிவிடும் வெப்பத்துக்கு இன்டெல் குறித்த அளவு 6700க்கு 65 வாட், 6700டிக்கு 35 வாட். இரண்டும் ஒரே சொக்கெற்றில் (போர்டில் சிப் பொருந்தும் இடம்) உட்காரும். உள்ளே இருக்கும் சிலிக்கனும் ஒரே வடிவமைப்புத்தான், டியின் வேக எல்லையைத்தான் இறுக்கி வைத்திருக்கிறார்கள். (அதனால் சும்மா இருக்கும் நேரத்தில் டி போட்டால் கரண்ட் பில் பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வித்தியாசம் வேலை ஏறும்போதுதான் தெரியும்.)

அந்த இறுக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சிப்புக்குள் உள்ள ஒவ்வொரு திரான்சிற்றரையும் (நுண்ணிய மின் சுவிட்ச்) ஒரு குட்டி வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தரம் மாறும்போது அதில் மின்னேற்றம் நிரம்பும், அடுத்த தரம் கொட்டப்படும். கொட்டுவது முழுவதும் வெப்பம். வோல்ற்றளவைக் கூட்டினால் வாளிக்குள் ஊற்றும் தண்ணீரும் கூடும், அது விழும் உயரமும் கூடும். அதனால்தான் வலு (வாட்), வோல்ற்றளவின் வர்க்கத்தோடு ஏறுகிறது. செக்கனுக்கு எத்தனை தரம் கொட்டுகிறோம் என்பது மீடிறன்; அதனாலும் பெருக்க வேண்டும். மீடிறனைக் கூட்ட வேண்டுமென்றால் வோல்ற்றளவையும் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே வேகம் கொஞ்சம் ஏறினாலே வெப்பம் ஏறக்குறைய மும்மடிக் கணக்கில் பாயும்.

இதைத் தலைகீழாகப் பாருங்கள். மாமியின் ஐ3 6100டியில் 2 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் கணிப்பு அலகு), 3.2 கிகாஹேர்ட்ஸ், 35 வாட். ஐ5 6500டியில் 4 கோர், 2.5 கிகாஹேர்ட்ஸ், அதுவும் 35 வாட். கோர் இரட்டிப்பாகியும் வாட் ஏன் ஏறவில்லை? 2.5ஐ 3.2ஆல் வகுத்தால் 0.78. வோல்ற்றளவும் அதே விகிதத்தில் இறங்கியது என்று வைத்து அதை மும்மடியாக்கினால் 0.48. ஒரு கோர் முன்பு தின்றதில் பாதியைக்கூடத் தின்னவில்லை; மிஞ்சியதில் இன்னும் இரண்டு கோருக்கு இடம் கிடைத்துவிட்டது. அசல் சிப்பில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் தந்திரம் இதுதான். ஒரு கோருக்கு மட்டும் வேலை இருந்தால் 6500டி டர்போவில், அதாவது தற்காலிக வேகக் கூட்டலில், 3.1 வரை போகும். அப்படியென்றால் ஒற்றைக் கோர் வேலையிலும் மாமிக்குப் பெரிய நட்டமில்லை.

அப்போ 65 வாட்டைப் போட்டால் என்ன நடக்கும்? அந்தப் பெட்டியின் கூலர் ஒவ்வொரு வாட்டுக்கும் சிப்பை 1.5 பாகை சூடாக விடுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். சோழகம் அனலாய் வீசும் நாட்களில் கடைக்குள் 33 பாகை. 35 வாட் என்றால் 52 கூட்டி 85: தாங்கும். 65 வாட் என்றால் 97 கூட்டி 130. அங்கே போய்ச் சேரவே விடாது. 100ஐ நெருங்கும்போதே சிப் தானாக வேகத்தை இறக்கிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் ஃபேன் சத்தமாக மட்டும் வெளியே வரும். எச்பியின் எலைட்டெஸ்க் 800 மினியில் 35 வாட், 65 வாட் என்று இரண்டு வகை விட்டதும், பின்னதற்கு வேறு கூலர் வைத்ததும் இதற்காகத்தான். அடப்டரையும் திருப்பிப் பாருங்கள். மாமியுடையதில் 20 வோல்ற், 3.25 அம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 65 வாட், அதுவும் முழுப் பெட்டிக்கும் சேர்த்து.

சொக்கெற் விசயத்திலும் ஒரு குழி இருக்கிறது. 6ஆம், 7ஆம், 8ஆம் தலைமுறை எல்லாவற்றுக்கும் 1151 என்றுதான் பெயர். ஆனால் மாமியுடையது போன்ற 6ஆம் தலைமுறை போர்டில் 8ஆவது ஓடாது. 7ஆவது ஓடும், பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதிதாக இருந்தால். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது பொதுவாக 8இலிருந்து என்பதால், இந்தப் பெட்டியில் கொட்டும் காசுக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையைச் சொன்னால், புரொசெசருக்கு முன் நான் மாற்றியது ஹார்ட் டிஸ்க்கை. சுழலும் தட்டில்லாத, வேகமான எஸ்எஸ்டி போட்டதுமே மாமியின் முறைப்பாட்டில் பாதி போய்விட்டது. மீதிக்குத்தான் ஒரு 6500டி தேடிப் பிடித்தோம்.

மூடியைக் கழற்றினால், கூலரின் இதழ்களுக்கிடையில் தூசி நரைத்த பஞ்சாக அடைத்துக் கிடந்தது. கடல் அவ்வளவு தூரமில்லை. உப்பு ஈரம் தூசியை ஒட்ட வைத்துவிடுகிறது. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்தேன். பின்கள் சிப்பில் இல்லை, போர்டில்தான். மயிரிழை மாதிரி நிற்கும், ஒன்று வளைந்தாலும் போர்ட் போச்சு. ஆகவே சிப்பின் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சொக்கெற்றின் அடையாளத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்து விட்டேன். பேஸ்ட் ஒரு பயற்றம் விதையளவு போதும்.

பொடியனின் ஐ7 இப்போது அவனுடைய மச்சானின் பெரிய டவருக்குள் இருக்கிறது. அதில் உள்ளங்கையை விடப் பெரிய ஃபேன்.