காய்ந்த துணியால் காரைத் துடைக்காதீர்கள்

போன வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மாங்காய் வியாபாரி, கார் பெயிண்ட் பராமரிப்பு வேலை செய்யும் என்னிடம் தன் கறுப்பு காரைக் கொண்டுவந்தார். வாங்கி இரண்டே வருடம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல்.

"எல்லாம் வெயிலால வந்ததுங்க. செராமிக் கோட்டிங் போட்டா சரியாயிடுங்களா?"

வெயில் பெயிண்டை வெளுக்க வைக்கும், கீறாது. டிரைவர் தினமும் காலையில் என்ன செய்கிறார் என்று கேட்டேன். காய்ந்த துணியால் நன்றாகத் துடைக்கிறாராம். அங்கேதான் கோளாறு.

கிருஷ்ணகிரித் தூசியைச் சாதாரணப் புழுதியாக நினைக்காதீர்கள். பர்கூர், ஜெகதேவி பக்கமெல்லாம் கிரானைட் பட்டறைகள். சாலையில் கல் ஏற்றிய வண்டிகள். கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. கத்தி இரும்பே அதைவிட மென்மை. காரின் மேலே பளபளக்கும் கிளியர் கோட்டோ பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. அதன்மேல் இந்தத் தூளோடு துணியைத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

பெயிண்டின் மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சாகப் போடும் செராமிக் கோட்டிங்கை விற்பவர்கள் '9H' என்று பெரிதாகச் சொல்வார்கள். அது பென்சில் கடினத்தை வைத்துச் செய்யும் சோதனையின் அளவு. மோஸ் அளவில் 9 என்று நினைத்து ஏமாறாதீர்கள். கோட்டிங் போட்ட காரையும் குவார்ட்ஸ் தூள் கீறும். அழுக்கு ஒட்டாமல் சீக்கிரம் கழுவ முடியும் என்பதுதான் அதன் உண்மையான பயன். நானும் கோட்டிங் போடுகிறேன், ஆனால் இதைச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

அடுத்த எதிரி போர் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவு பானெட் கொதிக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் அடித்தால் நொடியில் காய்ந்து, சுண்ணாம்பும் மக்னீசியமும் வெள்ளை வட்டமாக ஒட்டிக்கொள்ளும். தொழிலுக்கு வந்த புதிதில் மத்தியான வெயிலில் ஒரு காரைக் கழுவி, அந்த வட்டங்களை எடுக்க நானே அரை நாள் பாடுபட்டிருக்கிறேன். காலை எட்டு மணிக்குள், நிழலில் கழுவுங்கள். ஒவ்வொரு பகுதியாகக் கழுவி உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கறை புதிதாக இருந்தால், தண்ணீர் கலந்த வினிகர் கரைத்துவிடும். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி அலச வேண்டும்.

மாந்தோப்புக்காரர்களுக்கு இன்னொன்று. மாங்காய்ப் பால் பட்டால் தோலே வெந்துபோகும். பெயிண்டை மட்டும் விடுமா? காய் பறிக்கும் மாதங்களில் மரத்தடியில் காரை நிறுத்த வேண்டாம். பால் சொட்டிவிட்டால் அன்றே கழுவிவிடுங்கள்.

ஓசூர், சேலம் என்று தினமும் தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓடும் காருக்கு முன்பக்கம் மட்டுமாவது பிபிஎஃப் என்ற, பெயிண்டைக் காக்கும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டுவது நல்லது. கல் தெறித்து வரும் அடியைத் தாங்கும் தடிமன் அந்தப் படலத்துக்கு உண்டு, கோட்டிங்குக்கு இல்லை. ஊருக்குள்ளேயே ஓடி ஷெட்டில் நிற்கும் காருக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை வாக்ஸ் போதும்.

வியாபாரியின் காரில் பெயிண்டின் தடிமனை மீட்டர் வைத்து அளந்து பார்த்து, லேசான பாலிஷ் மட்டும் போட்டேன். பாலிஷ் ஒவ்வொன்றும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தின்றுவிடும், போனது திரும்ப வராது. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, முதலில் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்குவது, ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி என்று கூடவே நின்று செய்து காட்டினேன்.