சத்துவாச்சாரி பின்கோடு ஒரே முயற்சியில் உடைவது எப்படி?

வேலூர் முகவரிகள் 632 என்று தொடங்கும் பின்கோடில் முடியும். ராணிப்பேட்டை, ஆற்காட்டுக்கும் அதே 632தான். இந்த விஷயத்தில் வேலூரும் ராணிப்பேட்டையும் இன்னும் பிரியவில்லை. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. தபால்காரருக்கு அது ஒரு இடம். வெறும் எண்ணாகப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு.

வேலூரின் ஒரு பகுதியான சத்துவாச்சாரியின் 632009ஐ எடுத்துக்கொள்வோம். இதன் காரணிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். 2, 3, 5, 7 என்று வகுத்துப் பார்ப்பதுதான் நமக்குப் பழக்கம். பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் வேறு வழி சொன்னார். எண்ணைவிடச் சற்றே பெரிய வர்க்கத்தைத் தேடு, அதிலிருந்து எண்ணைக் கழி, மிச்சமும் வர்க்கமாக இருந்தால் வேலை முடிந்தது; இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போ.

795இன் வர்க்கம் 632025. அதில் 632009 போக மிச்சம் 16, அதாவது 4இன் வர்க்கம். பள்ளியில் படித்த அதே சூத்திரம்தான்: இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது கூட்டல், கழித்தலின் பெருக்கல். 795 + 4 = 799, 795 − 4 = 791. ஆக, 632009 = 791 × 799. அப்புறம் 791ஐ 7 × 113 என்றும், 799ஐ 17 × 47 என்றும் பிரிப்பது சுலபம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. நாம் தினம் எழுதும் எண்ணுக்குள் இவ்வளவு அழகு இருக்கிறது!

சரி, பக்கத்துக் காட்பாடி? 632007. இரண்டுதான் குறைவு. ஆனால் 795இல் தொடங்கி 35116 வரை ஒவ்வொன்றாகப் போனால்தான் மிச்சம் வர்க்கமாக அமையும். மொத்தம் 34,322 முயற்சிகள். காரணம், இந்த எண் 9 × 70223. இதில் 70223 பகா எண். காரணிகள் வெகு தூரம் விலகி நிற்கின்றன. ஃபெர்மாவின் வழிக்கு, எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி நிற்கும் காரணிகள்தான் சீக்கிரம் அகப்படும். வகுத்துப் பார்ப்பவருக்கோ காட்பாடி எளிது: இலக்கங்களைக் கூட்டினால் 18, உடனே 9 தெரிந்துவிடும். ஒரு எண் உடைவது கடினமா என்பது, எந்த வழியில் உடைக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

ஃபெர்மா தாமே 2027651281 என்ற பத்து இலக்க எண்ணை இப்படிப் பிரித்தார். 45030இல் தொடங்கினால் பன்னிரண்டாவது முயற்சியில், 45041இல், விடை வந்துவிடுகிறது: 44021 × 46061. வகுத்துக்கொண்டே போயிருந்தால் 44021க்கு முன் எந்தப் பகா எண்ணும் வகுத்திருக்காது.

கணினிச் செய்திகளைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும், 1977இல் உருவான ஆர்எஸ்ஏ குறியாக்க முறையின் பாதுகாப்பு, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலைப் பிரிப்பது கடினம் என்பதை நம்பியிருக்கிறது. இன்று வழக்கமான 2048 பிட் சாவியில் அந்தப் பெருக்கல் எண் 617 இலக்கம் கொண்டது. நேரடியாக வகுத்து அதை உடைக்க முடியாது. ஆனால் அந்த இரண்டு பகா எண்களும் மிக அருகருகே அமைந்துவிட்டால், சத்துவாச்சாரி கணக்கே போதும். 2022இல் சில பிரிண்டர்கள் உருவாக்கிய சாவிகள் இதே முறையில் உடைந்தன.