மாஷ் திறன் குறையும்போது முதலில் தேட வேண்டியது எதை?

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. செய்முறையில் 1.050 என்று இருந்த ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை கூடினால் கூடும்) தமக்கு 1.040ஐத் தாண்டவில்லை, அடுத்த முறை எவ்வளவு மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கூட்டிப் போடலாம் என்று கேட்கிறார்கள். பீர் ஆலையில் பல ஆண்டுகள் மாஷ் (அரைத்த மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கலவை) தொட்டியருகே நின்று வேலை செய்தவன் என்ற முறையில் நான் அவர்களை வேண்டிக்கொள்வது, மால்ட்டைக் கூட்டுவதற்கு முன் சர்க்கரை எங்கே நின்றுவிட்டது என்று கண்டுபிடியுங்கள் என்பதே. மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமலே போயிருக்கலாம். அல்லது மாறிய சர்க்கரை, மாஷிலிருந்து வடியும் இனிப்பு நீரான வோர்ட்டோடு வெளியே வராமல் சக்கையிலேயே தங்கியிருக்கலாம். இவை வெவ்வேறு குறைகள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது.

கணக்கு எளிது. நல்ல வெளிர்நிற மால்ட் ஒரு கிலோவில் உள்ள கரையும் சத்து முழுவதும் ஒரு லிட்டர் வோர்ட்டில் இறங்கினால் ஏறக்குறைய 300 புள்ளிகள் கிடைக்கும், 1.042 என்னும் ஒப்படர்த்தியில் 42 என்பதே புள்ளி. ஆக, 5 கிலோ மால்ட்டுக்கு 1500 புள்ளிகள். கொதிக்கவைப்பதற்கு முன் 25 லிட்டர் வோர்ட் 1.042இல் இருந்தால் 1050 புள்ளிகள் கைக்கு வந்துள்ளன என்றும், திறன் 70 விழுக்காடு என்றும் பொருள். ஆனால் இந்த இரண்டு அளவுகளையும் சூடாக இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்களில் பெரும்பாலானவை 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டவை; 60 டிகிரியில் உள்ள வோர்ட்டில் அவை சுமார் 15 புள்ளிகள் குறைத்தே காட்டும். கொதிநிலையை நெருங்கிய வோர்ட்டின் கொள்ளளவோ ஆறிய வோர்ட்டைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாக இருக்கும். மாதிரியை ஆறவைத்து அளந்த பிறகு, இல்லாத குறையைத் தேடி அலைந்தோம் என்று உணர்ந்தவர்கள் பலர்.

அளவு சரியாக இருந்தும் திறன் குறைவு என்றால், சக்கையில் தங்கிய சர்க்கரையை அலசும் நீரை ஊற்றுவதற்கு முன், மாஷை நன்றாகத் துழாவிவிட்டு முதல் வோர்ட்டின் ஒப்படர்த்தியைப் பாருங்கள். ஒரு கிலோ மால்ட்டுக்கு 3 லிட்டர் நீர் என்ற விகிதத்தில், மாவுச்சத்து முழுவதும் மாறியிருந்தால் அது சுமார் 1.083 காட்டும், 4 லிட்டர் நீர் என்றால் சுமார் 1.065. இந்த எண்ணுக்கு அருகில் வந்துவிட்டால் மாற்றத்தில் குறையில்லை, இழப்பு வடிப்பதில்தான். 3 லிட்டர் விகிதத்தில் 1.070 மட்டுமே காட்டினால், எத்தனை முறை அலசினாலும் பயனில்லை. சத்து இன்னும் பருக்கைக்குள்ளேயே இருக்கிறது.

அப்படி உள்ளேயே தங்குவதற்கு என் அனுபவத்தில் முதற்காரணம் அரைப்பு. தொடக்கக் காலத்தில் வீட்டில் சிறு அளவில் காய்ச்சியபோது தொடர்ந்து மூன்று முறை திறன் சரிந்தது. மால்ட்டையே குறை சொன்னேன். பிறகு அரைக்கும் உருளைகளின் இடைவெளியை அளந்தபோது, 1 மில்லிமீட்டரில் நான் வைத்திருந்த திருகு தளர்ந்து 1.4 மில்லிமீட்டருக்குப் போயிருந்தது தெரிந்தது. மால்ட்டின் மீது எந்தப் பிழையும் இருக்கவில்லை. ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்திருக்க வேண்டும், உமி மட்டும் கூடியவரை கிழியாமல் இருக்க வேண்டும். ஏனெனில் அந்த உமிதான் பின்னர் வடிகட்டியாக நிற்கப்போகிறது. 5 கிலோ மால்ட்டின் மேல் 50 முதல் 100 மில்லிலிட்டர் நீரைத் தெளித்துப் புரட்டி, சில நிமிடங்கள் கழித்து அரைத்தால் உமி நெகிழ்ந்து நொறுங்காமல் பிரியும்; இடைவெளியை இன்னும் சற்றுக் குறைக்கவும் துணிவு வரும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை 65 முதல் 68 டிகிரியில் ஒரு மணி நேரம் பெரும்பாலான பீர்களுக்குப் போதும். அரைப்பு கரடாக இருந்தால் 90 நிமிடம் விடுங்கள். மால்ட்டை நீரில் கொட்டும்போது கட்டி தட்டினால் அதன் நடுவில் மாவு உலர்ந்தபடியே கிடக்கும் என்பதால் துழாவுவதில் சோம்பல் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தும் மாற்றம் மந்தமாக இருந்தால் நீரைச் சந்தேகியுங்கள். பைகார்பனேட் மிகுந்த நீரில் வெளிர்நிற மால்ட்டை மட்டும் ஊறவைத்தால் பிஎச் மேலேறி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் தளர்ந்துவிடும். ஆறவைத்த மாதிரியில் 5.2க்கும் 5.6க்கும் இடையே இருப்பது நலம். மொத்த மால்ட்டில் ஒரு விழுக்காடு அமில மால்ட் சேர்த்தால் பிஎச் ஏறக்குறைய 0.1 இறங்கும். மாற்றம் முடிந்ததா என்று உறுதிசெய்ய, உமித் துகள் இல்லாத தெளிந்த வோர்ட்டை வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு அயோடின் சேருங்கள். நீலக் கருமை தோன்றினால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது. அந்தச் சொட்டைத் தொட்டிக்குள் திருப்பி ஊற்றிவிடாதீர்கள்.

இனி வடிப்பது. ஒரு கிலோ மால்ட்டின் சக்கை ஏறக்குறைய ஒரு லிட்டர் வோர்ட்டைத் தன்னுள் பிடித்துவைக்கும்; அடிக்குழாய்க்குக் கீழே தேங்குவது தனி. அலசும் நீர் இந்தத் தேக்கத்தைத்தான் வெளியேற்றுகிறது. நீரைத் தொடர்ந்து தூவி அலசுபவர்கள் விரைந்தால், அது சக்கையில் ஒரு பக்கம் வழி கண்டு ஓடிவிடும், மற்ற பக்கத்துச் சர்க்கரை அப்படியே நிற்கும். முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். தவணையாக ஊற்றி அலசுபவர்கள் முதல் வோர்ட்டை முழுவதும் வடித்துவிட்டு, நீர் ஊற்றியதும் அடிவரை துழாவ வேண்டும். 75 முதல் 77 டிகிரி நீரே போதும். வெளிவரும் வோர்ட் 1.010க்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதன்பின் பிஎச் உயர்ந்து, சர்க்கரையைவிட உமியின் துவர்ப்பே அதிகம் இறங்கும். கடைசி இரண்டு விழுக்காட்டுக்காக நல்ல பீரைத் துவர்ப்பாக்கிக்கொண்டவர்களைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். வீட்டுக் காய்ச்சலுக்கு 75 முதல் 80 விழுக்காடு நிறைவான திறன். ஒவ்வொரு முறையும் அதே எண் வருவது அதைவிடப் பெரிது.

திறன் கூடியதும் செய்முறையைத் திருத்தாமல் விடுவது கவனிக்கப்படாத இன்னொரு பிழை. 70 விழுக்காட்டில் 1.050 தந்த அதே மால்ட் 78 விழுக்காட்டில் 1.056 தரும், 5 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டிய பீர் 5.5ஐத் தொடும், குடிப்பவருக்கோ அது தெரியாது. அப்போது 5 கிலோவுக்குப் பதில் 4.5 கிலோ மால்ட்டை நிறுத்துப் போடுங்கள்; அந்தக் காய்ச்சலின் உண்மையான ஆல்கஹால் அளவைப் புட்டியின் மேல் எழுதி வையுங்கள்.