தென்னைக் குழிக்கு 36 அங்குல ஆகரா? முதலில் மோட்டாரைப் பாருங்கள்

தென்னைக்கு மூன்றடிக் குழி வேண்டும் என்பதால், ஸ்கிட் ஸ்டீருக்கு (முன்னால் கருவி மாட்டி ஓட்டும் சிறிய வண்டி) நேராக 36 அங்குல ஆகர் பிட்டையே (மண்ணைத் துளைக்கும் சுருள் கருவி) கேட்பவர்கள் உண்டு. பிட் மாட்டிக்கொள்ளும், வெறுமனே சுற்றவும் செய்யும். ஓரடி இறங்கியதும் நின்றுவிடும். அப்போது திட்டு வாங்குவது பிட்; குறை பெரும்பாலும் அதைச் சுற்றும் மோட்டாரில்தான்.

விட்டம் இரண்டு மடங்கானால் வெட்ட வேண்டிய மண் நான்கு மடங்கு. 12 அங்குலத்தோடு ஒப்பிட்டால் 36-க்கு ஒன்பது மடங்கு. ஆகவே வண்டி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் தருகிறது, எத்தனை பார் அழுத்தத்தில் தருகிறது, மோட்டார் ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி ஆயில் எடுக்கிறது, கியர்பாக்ஸ் விகிதம் என்ன என்று கேட்டபிறகே பிட்டின் விலையைக் கேளுங்கள். 75 லிட்டர், 200 பார், 400 சிசி, 4-க்கு 1 கியர் என்றால் ஏட்டுக் கணக்கில் சுமார் 5,000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நிமிடத்துக்கு 47 சுற்று. களத்தில் கிடைப்பது இதைவிடக் குறைவு. அதே வண்டியில் 200 சிசி மோட்டாரைப் போட்டால் 94 சுற்று வரும், விசை பாதியாகிவிடும். வேகமாகச் சுற்றுகிறதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

பெரிய பிட்டுக்கு வேகம் ஆகாது. ஒரே சுற்றில் 36 அங்குலப் பிட்டின் ஓரப் பல், 12 அங்குலப் பிட்டின் பல்லைவிட மூன்று மடங்கு தூரம் உரசி ஓடுகிறது. அது தேய்ந்தால் குழி குறுகும். சுருள் தகடு பக்கச் சுவரில் இறுகிச் சிக்கும். ஓரப் பற்களைத் தினமும் பார்த்து, தேய்ந்ததை அன்றே மாற்றுங்கள். செம்மண்ணுக்குச் சாதாரணப் பல் போதும். சுக்கான் கல் கலந்த இடத்துக்குக் கார்பைடு முனைப் பல் வேண்டும். சுக்கான் பாறையே தட்டினால் பெரிய ஆகரை நிறுத்திவிட்டு, பாறை உடைக்கும் பிரேக்கரைக் கூப்பிடுவதுதான் சிக்கனம்.

பலரும் மறப்பது எடை. 36 அங்குல விட்டம், மூன்றடி ஆழக் குழியின் மண் ஏறக்குறைய ஒரு டன். பிட்டை மண்ணோடு ஒரேயடியாகத் தூக்கினால் சிறிய வண்டியின் பின்சக்கரம் எழும்பிவிடும். ஓரடிக்கு ஒருமுறை மேலே எடுத்து உதறுங்கள். அப்போதும் 300 கிலோவுக்கு மேல் தொங்கும், பிட்டின் எடை தனி. அதனால் சிறிய வண்டிக்கு 24 அங்குலப் பிட்டே எங்கள் பரிந்துரை. மீதியைக் கடப்பாரையால் அகலப்படுத்தலாம். பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டு அகலப்படுத்த முயலாதீர்கள். பிட் பழைய துளைக்குள் சாய்ந்து, அதைச் சுற்றும் தண்டான ஷாஃப்டை வளைத்துவிடும்.

ஷாஃப்டின் வடிவமும் அளவும் மோட்டாருக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 2 அங்குல அறுகோணமும் 65 மில்லிமீட்டர் உருளையும் ஒன்றுக்கொன்று சேராது. இணைப்புப் பின்னுக்குப் பதில் கம்பித் துண்டைச் செருகுவது ஆபத்து.

ஈரக் களிமண்ணில் ஆகர் குழியின் சுவரை மெழுகியதுபோல் ஆக்கிவிடும். வேரும் நீரும் அதைத் தாண்டச் சிரமப்படும். நடுமுன் கடப்பாரையால் சுவரைக் கொத்திக் கீறிவிடுங்கள்.

பிட் சுற்றும்போது வேட்டி, சேலை, துண்டு அணிந்த யாரும் அருகில் நிற்கக்கூடாது. மண்ணைத் தள்ளுவதானால் சுற்று முழுக்க நின்றபிறகே. அன்றே நடாத குழிகளைப் பலகை போட்டு மூடிவிடுங்கள். மழை பெய்தால் மூன்றடி நீரில் குழந்தை மூழ்கும்.