ரத்தான பெர்மிட்டும் அதே அட்டைதான்

சிங்கப்பூர் விமான நிலையத்துக்குள் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாஸ் எடுத்துத் தருவது என் வேலை. போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் இரவு ஷிஃப்டுக்கு ஆள் பற்றவில்லை. துணைக் குத்தகைக்காரர் ஒருவர் மூன்று பேரின் பெர்மிட் அட்டைகளை, அதாவது வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி அட்டைகளை, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "நம்ம ஊர்ப் பசங்கதான்க்கா, பயப்படாதீங்க" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது.

அந்த 'நம்ம ஊர்' என்ற வார்த்தைதான் எனக்குப் பயம். தெரியாத ஆளென்றால் நாலு தடவை பார்ப்போம். மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று சொல்லிவிட்டால் "சரி, வரச் சொல்லுங்க" என்றுவிடுவோம்.

மூன்று பேரையும் அசல் அட்டை, கடவுச்சீட்டோடு வரச் சொன்னேன். அட்டையின் கியூஆர் குறியை மனிதவள அமைச்சின் எஸ்ஜி ஒர்க்பாஸ் செயலியில் காட்டினால் பெர்மிட் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒருவருக்கு எல்லாம் சரி. அடுத்தவருடைய பெர்மிட் செல்லும், ஆனால் முதலாளி இடத்தில் வேறொரு கட்டுமான கம்பெனியின் பெயர். பெர்மிட் என்பது குறிப்பிட்ட முதலாளிக்கும் குறிப்பிட்ட வேலைக்கும் தருவது; இரண்டு நாளைக்கு என்று இன்னொருவரிடம் அனுப்பிவைக்க முடியாது. மூன்றாமவருடையது ரத்தாகியிருந்தது. அட்டையைப் பார்த்தால் புதிது மாதிரி பளபளவென்று இருந்தது.

செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 5,000 முதல் 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை பார்த்தவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். புது கம்பெனியிடமிருந்து ஐபிஏ என்ற கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்தாலே வேலையைத் தொடங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது, பெர்மிட் வழங்கப்பட்ட பிறகுதான்.

விமான நிலையம் என்பதால் கூடுதல் கெடுபிடி என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் துணையில்லாமல் நடமாடுகிறவரின் பின்னணியை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும் என்பது அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 17-வது இணைப்பிலேயே இருக்கும் விதி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் 'ஆபரேஷன் டார்மாக்' என்று விமான நிலைய ஊழியர்களின் ஆவணங்களைத் துருவினார்கள். மாட்டியவர்களில் ஏராளமானோர் துப்புரவு, சமையல் மாதிரி வேலைகளில் இருந்தவர்கள். தீவிரவாதிகள் அல்ல, பொய்யான ஆவணம் காட்டி வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனாலும் தன் பெயரையே மறைக்க வேண்டிய ஒருவரை மிரட்டி என்ன வேலையும் வாங்கலாம், அதுதான் ஆபத்து.

சேரும்போது சரிபார்த்துவிட்டு மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் ஓட்டை. அலுவலகத்தில் ஒருவர் பெர்மிட்டை ரத்து செய்வார். ஏர்போர்ட் பாஸைத் திரும்ப வாங்க வேண்டியவர் இன்னொருவர். இவருக்கு அவர் சொல்ல மாட்டார். இதற்காகவே வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், எங்கள் நிரந்தர ஆட்கள் உட்பட. அப்புறம், கடவுச்சீட்டைச் சரிபார்த்ததும் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்திரத்துக்கு என்று அலமாரியில் வைத்துக்கொள்வதும் இங்கே குற்றம்தான்.

மூன்றாவதாக வந்த அந்தத் தம்பிக்கு இருபத்து மூன்று வயது. பெர்மிட் நிலையை அமைச்சின் இணையப் பக்கத்தில் தானே பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய போனிலேயே திறந்து காட்டினேன். வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று எழுதியும் கொடுத்தேன்.

"எப்பக்கா ரத்தாச்சு?" என்று கேட்டார். ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும் காலையில் லாரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.