சோற்றை விட்டு உருளைக்கிழங்குத் தூளுக்கு மாறினால் சீனி குறையுமா?

கனடாவின் ரொறன்ரோவில், நான் உணவியலாளராக வேலை செய்யும் ஸ்காபரோ கிளினிக்குக்கு எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். பல வருடச் சீனி வருத்தம். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சீனி அளவு 14 mmol/L (ஏறத்தாழ 250 mg/dL) வரை ஏறியிருந்தது. "சோறு கூடாதெண்டு சொன்னனீங்கள் பிள்ளை, அதுதான் இந்த உருளைக்கிழங்குத் தூளைச் சுடுதண்ணியில குழைச்சுச் சாப்பிடுறன்" என்று கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தார்.

நான் சொன்னது சோற்றைக் குறைக்கத்தான். ஆனால் எவ்வளவு என்று அளந்து காட்டாமல் விட்டது என் பிழை. அதனால் அவர் வழக்கமாகப் போடும் தூளை அங்கேயே தராசில் நிறுத்தோம். 60 கிராம் இருந்தது. அதில் ஏறத்தாழ 48 கிராம் மாச்சத்து. ஒரு கப் சோற்றில் இருப்பது 45 கிராம் அளவுதான்! தூளில் புரதமோ 5 கிராம் மட்டும்.

மாச்சத்து சமமாக இருந்தாலும் இந்தத் தூள் சீனியை இன்னும் வேகமாக ஏற்றும். கிழங்கைத் தோல் சீவி, அவித்து, மசித்து, நீராவியால் சூடேறிய உருளையில் மெல்லிய தாளாகக் காயவைத்து உடைக்கிறார்கள். 1950களில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் உருவான முறை இது. மாச்சத்து ஏற்கெனவே முழுதாக வெந்து, செல்களும் உடைந்து கிடப்பதால் வயிற்றுக்கு வேலையே இல்லை. ஓர் உணவு சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு இதற்கு 80ஐத் தாண்டுகிறது. வைட்டமின் சியும் காயவைக்கும்போது பெருமளவு போய்விடும், சில கம்பனிகள் திரும்பச் சேர்க்கின்றன. பொட்டாசியமும் கொஞ்சம் நார்ச்சத்தும் மிஞ்சும்.

வெண்ணெய், பூண்டு, சீஸ் சுவையூட்டிய வகைகளில் உப்பைப் பாருங்கள். ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியத்துக்கு நேரே 15% அல்லது அதற்கு மேல் இருந்தால் அது அதிகம். பிரெஷர் உள்ளவர்கள் அதை வாங்காமல் கடையிலேயே திரும்ப வைத்துவிடலாம். சிறுநீரக நோயாளிகள் பொருட்பட்டியலில் பொஸ்பேட் என்ற சொல்லைத் தேட வேண்டும், சேர்க்கப்படும் பொஸ்பேட்டை உடல் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது, அதுவும் இதில் சேர்வதுண்டு.

அதற்காக இதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். பல் பிடுங்கியவர்களுக்கும், கீமோவுக்குப் பிறகு வாய் புண்ணாகி ஒன்றும் இறங்காதவர்களுக்கும் நானே எழுதிக் கொடுக்கிறேன். தண்ணீருக்குப் பதில் பால், அப்புறம் ஒரு கரண்டி பட்டர், மசித்த முட்டை. அப்போதுதான் அது சாப்பாடு. உணவு வங்கியிலிருந்து கிடைத்த பெட்டியை வைத்து மாதக் கடைசியைச் சமாளிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களிடம் அதை வீசச் சொல்ல எனக்கு மனம் வராது. பருப்போ ரின் மீனோ சேர்த்துச் சாப்பிடுங்கள் என்பேன்.

அந்த அம்மாவுக்கும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். தூள் 20 கிராம் மட்டும், கூடவே மீன் குழம்பு, அரைத் தட்டுக் கீரை. அடுத்த முறை வரும்போது வீட்டில் தூள் அள்ளும் கரண்டியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அதில் 20 கிராமுக்குக் கோடு போட்டுக் கொடுக்க.