புத்தகத்தில் ஒட்டாத மனசு போனில் ஒட்டுவது ஏன்?

பள்ளி இறுதித் தேர்வு நெருங்குகிறது. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி. போன் ஒருமுறை அதிர்ந்தால் உடம்பே விழித்துக்கொள்கிறது. வீட்டில் இதற்குப் பெயர் சோம்பேறித்தனம். சோம்பேறியாக இருந்தால் காதலிப்பவரின் ஒரு பதிலுக்காக நள்ளிரவு ஒரு மணிவரை கண்விழிக்க முடியுமா? ஊக்கம் வற்றவில்லை, வேறு வாய்க்காலில் ஓடுகிறது.

அந்த ஊக்கத்தை இயக்குவது டோபமைன் என்ற மூளை ரசாயனம். அதை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது பழகிப்போன பிழை. டோபமைன் அற்றுப்போன எலியின் நாக்கில் சர்க்கரைநீர் விட்டால் அது ரசிக்கவே செய்கிறது; எழுந்துபோய்த் தேடிக் குடிப்பதுதான் இல்லை. 'போய் எடு' என்று தள்ளிவிடுவதே டோபமைனின் வேலை. நடுமூளையின் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி அதன் ஊற்றுகளில் ஒன்று. ஆர்தர் ஆரன், ஹெலன் ஃபிஷர் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தீவிரக் காதலில் இருந்த 17 பேருக்கு மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அவரவர் காதலிப்பவரின் படத்தைக் காட்டியபோது உயிர்பெற்றவற்றில் இந்தப் பகுதியும் உண்டு.

இனி மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் சோதித்த குரங்குகள். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் செல்கள் பொங்கின. ஒரு சைகைக்குப் பின் சாறு வரும் என்று பழகியதும் அந்தப் பொங்குதல் சைகைக்கு மாறியது. வரவேண்டிய சாறு வராதபோது செல்கள் வழக்கத்துக்கும் கீழே அடங்கின. 2003-ல் அவரது குழு கண்டது இன்னும் சுவையானது: சாறு கிடைக்க 50 சதவீதம் வாய்ப்பு என்றபோதுதான் காத்திருக்கும் நேரத்துத் துடிப்பு உச்சம் தொட்டது.

சாறும் காதலும் ஒன்றல்ல. ஆனாலும் பதில் வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலை அந்த ஐம்பதுக்குப் பக்கம்தான். படித்துவிட்டதற்கான டிக் விழுந்தும் பதிலில்லை என்றால் வரும் சரிவும் புரியும். தேர்வின் பரிசோ மாதங்கள் தள்ளி நிற்கிறது. தூரத்துப் பரிசை மூளை மலிவாகவே மதிக்கும். அந்த மதிப்பை நிமிர்த்திப் பிடிக்கவேண்டியது நெற்றிக்குப் பின்னுள்ள முன்நெற்றிப் புறணி; அது முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பதின்வயதில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் ஓரிரு மணிநேரம் பிந்திச் சுரப்பதால் தூக்கமும் பிந்துகிறது. தேவை 8 முதல் 10 மணிநேரம். ஒரு மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தால் 5.

செய்யக்கூடியது, பரிசைப் பக்கத்தில் கொண்டுவருவது. ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி ஐந்து கேள்விகளுக்கு எழுதிப் பார்த்து, உடனே சரிபார்க்க வேண்டும். விடை சரியா என்று திருப்பிப் பார்க்கும் நொடியில் ஒரு குட்டி நிச்சயமின்மை இருக்கிறது. ஐந்தும் தெரிந்தவை என்றால் சப்பென்று போகும், ஐந்தும் தப்பானால் வெறுத்துப்போகும். மூன்று சரியாகும் அளவு போதும். 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடத்தில் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்.

போனை அடுத்த அறையில் வைத்து, 'எட்டரைக்குப் பேசலாம்' என்று இருவரும் நேரம் குறித்துக்கொண்டால் காத்திருப்பின் வீரியம் குறையும். பெரியவர்கள் போனைப் பிடுங்கிப் பூட்டுவது இதற்கு நேரெதிர். பதில் வந்ததா என்பதே தெரியாதபோது, புத்தகம் மடியில் கிடக்கும், மனசு அலமாரிச் சாவியைச் சுற்றும்.